புதுக் குஞ்சுகளும் பழைய கோழிகளும்



வளவில் நாலைந்து கோழி நிற்கும் வீட்டுக்கு முட்டைக் கவலை பாதி குறைவு. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் சிக்கியபின் முட்டை விலை ஏறியதும், 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் கோழி வளர்க்கத் தொடங்கிய குடும்பங்கள் சிலவற்றை நான் அறிவேன். கோழிகளுக்கு வயதாகும்போது முட்டை குறையும். அப்போது புதுக் குஞ்சுகளை வாங்கிப் பழைய கூட்டத்தோடு சேர்க்க வேண்டிவரும். பலர் நட்டப்படுவது இந்த இடத்தில்தான்.

அடுத்த வளவில் இருக்கும் எனது ராத்தா கணவரை இழந்தவர். ஆறு கோழிகளின் முட்டைக் காசில்தான் கடைசி மகளின் டியூஷன் செலவைப் பார்க்கிறார். சென்ற ஆண்டு ஒரு மாத வயதுக் குஞ்சுகள் ஐந்தை வாங்கி, அன்று பின்னேரமே பழைய கோழிகளின் கூட்டில் விட்டார். விடியும்போது இரண்டு குஞ்சுகள் தலையில் கொத்துண்டு செத்துக் கிடந்தன. இன்னொன்று தீனுக்குக் கிட்டப் போகவே பயந்து, மூலையில் ஒடுங்கிக் கிடந்து ஒரு வாரத்தில் செத்தது.

"கோழிக்குக் கோழியே இரக்கம் காட்டாதா தம்பி?" என்று ராத்தா கேட்டார்.

இதை இரக்கமின்மை என்று சொல்ல முடியாது. கோழிக் கூட்டத்துக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தலாம், எது எதற்கு வழிவிட வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும். நோர்வே நாட்டின் ஷெல்டெரப் எபெ என்பவர் சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1921இல் இதனை ஆய்வாக எழுதினார். வரிசை நிலைத்துவிட்டால் சண்டை குறையும். புதிதாக ஒன்று வந்தால் வரிசையைத் திரும்பவும் தீர்மானிக்க வேண்டும். பெரிய கோழியென்றால் எதிர்த்து நிற்கும், அல்லது ஓடும். குஞ்சுக்கு எதிர்க்கப் பலமில்லை. அடைத்த கூட்டில் ஓட இடமுமில்லை.

அடைக்கோழி பொரித்த குஞ்சுகள் அதே கூட்டத்தில் வளர்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். அங்கே தாய் சிறகை விரித்து நிற்கிறது. வாங்கி வந்த குஞ்சுக்குத் தாயில்லை. அந்தத் தாயின் வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

இந்த ஆண்டு ராத்தா அதே வயதுக் குஞ்சுகள் எட்டு வாங்கினார். முதல் நான்கு வாரமும் அவற்றைப் பழைய கோழிகளுக்கு எட்டாத இடத்தில் வைத்தோம். வெளியிலிருந்து வரும் குஞ்சோடு நோயும் வரலாம். பழைய கோழிகளுக்குத் தீன் வைத்த பிறகே குஞ்சுகளிடம் போவார். அதற்கென்று வேறு செருப்பு. ரானிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொண்டோம்.

அடுத்து, கோழிகள் மேயும் இடத்தின் ஒரு மூலையைக் கம்பிவலையால் மறித்து, குஞ்சுகளை உள்ளே விட்டோம். முதல் நாள் பழைய கோழிகள் வலையைக் கொத்தின. பத்தாம் நாள் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டு வாரம் அப்படியே விட்டோம்.

தீனிலும் கவனம் வேண்டும். முட்டைக்கோழித் தீனில் நூற்றுக்கு நான்கு பங்களவில் கல்சியம் உண்டு. அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவே எல்லாவற்றுக்கும் வளரும் கோழிகளின் தீனையே வைத்து, முட்டையிடும் கோழிகளுக்காகச் சிப்பித் தூளை வேறு பாத்திரத்தில் வைத்தோம்.

வலையை எடுத்த நாளில் தீனும் தண்ணீரும் மூன்று இடங்களில் இருந்தன. குஞ்சு மட்டும் நுழையக்கூடிய உயரத்தில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தோம். எட்டையும் ஒன்றாகவே விட்டோம். ஷவ்வாலில் மத்ரஸாவுக்கு வரும் புதுப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறவன் நான். தனியே வரும் பிள்ளை மூலையைத் தேடும். ஒரே ஊரிலிருந்து மூவர் வந்தால் அன்றைக்கே விளையாடுவார்கள். குஞ்சும் அப்படித்தான். ஒன்றை மட்டும் விட்டால் கொத்தெல்லாம் அதற்கே விழும்.

இரண்டொரு கொத்துக்காக ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டாம், வரிசை தீர்மானமாகாது. ஆனால் இரத்தம் கண்டால் உடனே பிரியுங்கள். சிவப்பைக் கண்டால் மற்றக் கோழிகளும் அந்த இடத்திலேயே கொத்தும். எட்டில் ஒன்றுக்குக் கொண்டையில் காயம்பட்டது. அதை வலைக்குள் ஐந்து நாள் வைத்து, காயம் ஆறியபின் இன்னொரு குஞ்சோடு சேர்த்து விட்டோம்.

இன்று அவற்றுக்கு நான்கு மாதம். எட்டும் இருக்கின்றன, மாலையில் பழைய கோழிகளோடு ஒரே கம்பில் ஏறுகின்றன. இன்னும் ஓரிரு மாதத்தில் இன்ஷா அல்லாஹ் முட்டையிடத் தொடங்கும். ராத்தா டியூஷன் கணக்கை இப்போதே போட்டு வைத்திருக்கிறார்.

குஞ்சு வாங்க நினைத்திருக்கும் சகோதரிகளே, சந்தைக்குப் போகுமுன் நாலு முழம் கம்பிவலையை வாங்கி வையுங்கள். ஆறு வாரம் பொறுமையாக இருங்கள். அதற்குமேல் பெரிய செலவில்லை.