போயிருக்க வேண்டும்

பாரசீகம் நமக்கு முற்றிலும் அந்நியமான மொழியல்ல. ‘பாங்கு’ என்கிறோமே, அது பாரசீகச் சொல்தான். ஹிந்திப் பாட்டுக் கேட்டு வளர்ந்த என் வயதுக்காரருக்கு ‘ஷாயத்’தும் தெரிந்திருக்கும். ‘ஒருவேளை’ என்று பொருள். மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு பாரசீக இலக்கண நூல் அகப்பட்டதிலிருந்து எனக்கு இந்த மொழிமேல் ஒரு பைத்தியம். பேச வராது. கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பாரசீகம் பேச யார் கிடைப்பார்? வினைச்சொற்களைப் பார்த்துக் கொண்டிருப்பதோடு சரி.

அந்த ‘ஷாயத்’ ஒரு காலத்தில் வினைமுற்று. ‘ஷாயெஸ்தன்’ என்றால் தகுதியாயிருத்தல். ‘ஷாயத்’ என்றால் ‘தகும்’. தகுவது நடக்கவும் கூடும் என்றாகி, கடைசியில் வெறும் ‘ஒருவேளை’யாகத் தேய்ந்து விட்டது. ‘ஷாயெஸ்தெ’ மட்டும் ‘தகுதியுள்ள’ என்ற பழைய மானத்தோடு இன்றும் இருக்கிறது. நமது ‘உண்ணத்தக்க’ என்பதிலும் இப்படித் தகுதியும் சாத்தியமும் கலந்துதான் கிடக்கின்றன.

ஷாயத்தின் கூடப் பிறந்தது போல ஒரு சொல் ‘பாயத்’. ‘வேண்டும்’ என்று பொருள். இரண்டும் படர்க்கை ஒருமையில் உறைந்து போனவை. நம்முடைய ‘வேண்டு’ம் அப்படித்தானே? வேண்டினேன், வேண்டினாய் என்று ஆளுக்கேற்பத் திரிந்த வினை, கட்டாயத்தைச் சொல்ல வரும்போது ‘வேண்டும்’ என்று கல்லாகி விடுகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ‘பாயத் பெரவம்’ என்றால் நான் போக வேண்டும். ‘பாயத் பெரவீ’ என்றால் நீ போக வேண்டும். பாயத் அசையாவிட்டாலும் பின்னால் வரும் வினை ஆளைக் காட்டிக் கொடுத்து விடும். ஆளைக் காட்டாமல் பொதுவாகச் சொல்வதென்றால் ‘பாயத் ரஃப்த்’ என்று வேறொரு வடிவம் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘போக’வும் ஆள் காட்டாது, ‘வேண்டும்’ உம் ஆள் காட்டாது. ‘மாணவர் வரவு மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று சுற்றறிக்கை வருகிறது. யார் மேம்படுத்துவது என்று அந்த வாக்கியத்திடம் கேட்டுப் பயனில்லை.

இயலுமையில் கதை வேறு. பாரசீகத்தான் ‘மீதவானம்’ என்று ஒரே சொல்லில் ‘என்னால் முடியும்’ என்பான். ஆற்றல் அவனுடைய வினை. நாமோ ‘எனக்கு ஏலும்’ என்கிறோம், சிங்களவர் ‘மட புளுவன்’ என்பது போல. ஏலுமை எங்கிருந்தோ வந்து நம்மீது இறங்குகிறது. ‘ஏலா’ என்றாலும் அப்படித்தான். வீட்டுவேலை செய்யாத பையன் ‘ஏலாமப் பெயித்து சேர்’ என்று நிற்கும்போது அந்த வாக்கியத்தில் அவன் குற்றவாளியல்லன்.

‘கூடும்’ இன்னும் வேடிக்கை. ‘வரக்கூடும்’ என்பது சாத்தியம். அதன் எதிர்மறையென்று பார்த்தால் ‘வரக்கூடாது’ தடையுத்தரவாகி விடுகிறது. வெளியூர்ப் பிள்ளைக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், இந்த இடத்தில் கொப்பியை மூடி விடும்.

இவை யாவும் சுவைக்குச் சொன்னவை. என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியது வேறு.

‘பாயத் ரஃப்தெ பாஷத்’ என்றொரு வடிவம். பெரும்பாலும் ஊகத்துக்குரியது: அவள் போயிருக்க வேண்டும், போயிருப்பாள் என்று நினைக்கிறேன். ‘பாயத் மீரஃப்த்’ என்று இன்னொன்று. அவள் போக வேண்டியிருந்தது என்றும் பொருள்படும். போயிருக்க வேண்டும், ஆனால் போகவில்லை என்றும் பொருள்படும். இந்த இரண்டாவது பொருளையும் முந்திய ஊகத்தையும் தமிழ் ஒரே பாயில் படுக்க வைக்கிறது. போயிருக்க வேண்டும்.

என்னிடம் ஒரு பிள்ளை படித்தாள். சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’. எங்கள் ஊரில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. டவுனில் விடுதியில் நின்று படிக்க வேண்டும். நானும் அதிபரும் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி தந்தார்கள். வாப்பா நல்ல மனுசன், எங்களை மறுத்துப் பேசவேயில்லை. “அனுப்பலாம் சேர், பாப்பம்” என்றார். இந்த ‘-லாம்’ அனுமதிக்கும் வரும், சாத்தியத்துக்கும் வரும். மரியாதையாக இல்லையென்று சொல்லவும் வரும் என்பதை எந்த இலக்கணமும் எழுதி வைக்கவில்லை. அந்த வருசக் கடைசியில் கலியாணம். 

சில வருசம் கழித்து, ஊரை விட்டுப் போய்க் கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவர் பெருநாளைக்கு வந்திருந்தார். பள்ளிவாசலடியில் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்: “அந்தக் கெட்டிக்காரப் புள்ள, இப்ப கெம்பசுக்குப் போயிருக்கணுமே?” அவருக்கு விசயம் தெரியாது. கணக்குப் பார்த்து ஊகித்தார்.

அதே கிழமை அவளுடைய உம்மாவைக் கண்டேன். பேரப்பிள்ளை இடுப்பில். நான் எதுவும் கேட்கவில்லை. பிள்ளையின் மூக்கைத் துடைத்தபடி அவவாகச் சொன்னா: “அவ போயிருக்கணும் சேர்.”

பாரசீகமாயிருந்தால் கடைக்காரருக்கு ஒரு வடிவம், உம்மாவுக்கு வேறொரு வடிவம். எழுதி வைத்தால், நூறு வருசம் கழித்து வாசிப்பவனும் எது ஊகம், எது ஏக்கம் என்று பிரித்து விடுவான். நாங்கள் அதைக் குரலில் வைத்திருக்கிறோம். எழுத்தில் வந்தால் குரல் போய் விடுகிறது. தமிழில் வழியில்லையென்று நான் சொல்ல வரவில்லை. பத்தாந்தர வகுப்பில் ‘போயிருக்க வேண்டும்’ என்று கரும்பலகையில் எழுதி, இரண்டு பொருளையும் இரண்டு விதமாக எழுதுங்கள் என்றேன். முதலாவதற்கு எல்லோரும் ‘போயிருப்பாள்’ என்று உடனே எழுதி விட்டார்கள். இரண்டாவதற்கு ‘போகாமல் விட்டது பிழை’ என்றான் ஒருவன். ‘போயிருக்கலாம்’ என்றான் இன்னொருவன். அது மறுபடி இரண்டு பொருள் என்று பக்கத்திலிருந்தவனே அடித்து விட்டான். பின் வாங்கிலிருந்த ஒரு பிள்ளை மட்டும் ‘அவளைப் போக விட்டிருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தாள்.