அம்மா சொன்ன 'சூடு'

சங்கப் பாடல்களில் வரும் 'அல்குல்' என்னும் சொல் இடையைக் குறிக்கிறதா, அதற்கும் கீழுள்ள உறுப்பையா என்று சகோதரிகள் நாங்கள் மூவரும் ஒரு விடுமுறை நாளின் பிற்பகல் முழுவதும் வாதிட்டதுண்டு. உரைகளைப் புரட்டினோம், குரலைத் தாழ்த்தவும் இல்லை. அடுக்களையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவின் காதிலும் அது விழுந்திருக்கும். அந்நாட்களில் அம்மா, பிறப்புறுப்பின் அரிப்புத் தாங்காமல் இரவுகளில் உறங்காதிருந்தார் என்பதை நாங்கள் வெகுநாள் கழித்தே அறிந்தோம். எட்டு மாதங்கள் எவரிடமும் அவர் சொல்லவில்லை.

காட்டிக்கொடுத்தது குளியலறையில் இருந்த கிருமிநாசினிப் புட்டி. மாதக்கணக்கில் வர வேண்டியது பத்தே நாளில் தீர்ந்துபோவதை எங்களில் மூத்தவர் கவனித்துக் கேட்டார். முதலில் "ஒண்ணுமில்ல" என்றார் அம்மா. பிறகு "உடம்புச் சூடு" என்றார். வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாயிற்று. மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் எல்லாம் ஆயிற்று. இப்போது நாளைக்கு மூன்று முறை வெந்நீரில் அந்த மருந்தைக் கலந்து கழுவிக்கொள்வதாகச் சொல்லி முடித்தபோது அவர் அழுதுவிட்டார். "உங்ககிட்ட போய் இத எப்படிடி சொல்றது?"

மறுநாளே ஒரு பெண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அங்கும் அம்மா "கொஞ்சம் சூடும்மா" என்றே தொடங்கினார். மருத்துவர் சிரிக்கவில்லை. "எங்க அரிக்குது, உள்ளயா வெளியிலயா? வெள்ளை படுதா? தயிர் மாதிரி திரிதிரியா இருக்கா, தண்ணியா இருக்கா? வாடை உண்டா?" என்று, பல்வலியை விசாரிப்பவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். கேள்விகள் அவ்வளவு இயல்பாக வந்ததால் பதில்களும் வந்தன.

பரிசோதித்தபின் அவர் சொன்னவற்றை நாங்கள் மறக்கவில்லை. கேண்டிடா என்னும் பூஞ்சை ஏற்படுத்திய தொற்று அது. பெண்களில் நான்கில் மூவருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் வருவதாகக் கணிக்கப்படுவது. ஒழுக்கத்தோடோ அழுக்கோடோ தொடர்பில்லாதது. மாதவிலக்கு வரும் வயதில் யோனிக்குள் வாழும் லாக்டோபேசில்லஸ் என்னும் நல்ல நுண்ணுயிர்கள் அவ்விடத்தைப் புளித்த தயிர்போல அமிலத்தன்மையுடன் வைத்திருக்கின்றன. தீய நுண்ணுயிர்கள் பெருகாமல் தடுப்பதில் அந்த அமிலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. யோனியின் உட்புறம் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்வது. அங்கே சோப்பும் கிருமிநாசினியும் ஊற்றினால் காவலாளியைத்தான் விரட்டுகிறோம். மெல்லிய தோலும் வெந்து எரிச்சல் இரட்டிப்பாகும். அம்மா மருந்தென்று எண்ணிச் செய்ததே பாதி நோயாகியிருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் எங்களை உலுக்கியது. அம்மாவுக்கு வயது 54. மாதவிலக்கு நின்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்ட அவ்வயதில் வறட்சியால் அரிப்பு வருவது மிகுதி. பூஞ்சைத் தொற்று வருவதோ குறைவு. விடாமல் வருகிறதென்றால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்று சொல்லி இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தார். வெறும் வயிற்றில் எடுத்த அளவு 214. விழித்திரையிலும் தொடக்கநிலைப் பாதிப்பு இருந்தது. வந்திருக்கும் நோயை உடம்பு எட்டு மாதங்களாக ஒவ்வோர் இரவும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் அதைச் 'சூடு' என்றுகூடக் கேட்டறியவில்லை.

க்ளோட்ரிமசோல் மருந்தும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சில வாரங்களில் அம்மாவுக்கு உறக்கத்தைத் திருப்பித் தந்தன.

அன்றிரவு மொட்டைமாடியில் நாங்கள் மூவரும் பேசினோம். மூத்தவருக்குக் கருவுற்றிருந்தபோது இதே பூஞ்சை வந்திருக்கிறது. நடு அக்காவுக்கு, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் உண்ட மறுவாரம். இளையவரோ, மருந்துக்கடையில் ஆண்கள் நகரும்வரை காத்திருந்து, கிசுகிசுத்து வாங்கிய பூஞ்சைக் களிம்பை ஓராண்டாக விட்டுவிட்டுப் பூசியிருக்கிறார், பலன் இல்லை. அவருக்கு இருந்ததோ நீர்த்த சாம்பல்நிற வெள்ளைப்படுதலும் மீன் வாடையும். அது பூஞ்சையன்று, பாக்டீரியாச் சமநிலை குலைந்ததன் விளைவு என்பதும், அதற்கு மெட்ரோனிடசோல் போன்ற வேறு மருந்து வேண்டும் என்பதும் பிறகு தெரிந்தது. ஒரே அறையில் வளர்ந்தவர்கள், ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தவர்கள், இதில் ஒன்றையும் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கவில்லை. அம்மாவைக் குறைசொல்ல எங்களுக்கு என்ன தகுதி?

இவ்வளவுக்குப்பின் நாங்கள் கற்றவை சிலவே. வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். நறுமணச் சோப்பு, வாசனை கலந்த நாப்கின், உட்புறத்தைப் பீய்ச்சிக் கழுவுதல் ஆகியவை வேண்டா. பருத்தி உள்ளாடை நன்று. வியர்த்ததையும் நனைந்ததையும் உடனே மாற்ற வேண்டும். அரிப்பு மிகும்போது குளிர்ந்த நீரில் நனைத்த துணி சற்று ஆற்றும், சொறிதல் ஆற்றாது. மஞ்சள்-பச்சை நிற நுரைத்த கசிவாயின் டிரைக்கோமோனாஸ் காரணமாகலாம். அதற்குக் கணவரும் சேர்ந்தே மருந்துண்ண வேண்டும். வெண்திட்டுகளோடு வரும் அரிப்பு தோல்நோயாகவும் இருக்கக்கூடும். சர்க்கரைக்கான புதிய மாத்திரைகளில் டபாக்ளிஃப்ளோசின் போன்றவை சிறுநீர்வழிச் சர்க்கரையை வெளியேற்றுவதால் பூஞ்சைத் தொற்றுக்கு இடந்தரும். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முதன்முறை வந்தாலும், கருவுற்றிருக்கையில் வந்தாலும், புண், காய்ச்சல், அடிவயிற்று வலி சேர்ந்தாலும், மாதவிலக்கு நின்றபின் இரத்தம் கண்டாலும், ஓராண்டில் மூன்றுமுறை திரும்பினாலும் கடைக் களிம்போடு நின்றுவிடலாகாது.

எங்கள் வீட்டுக் கொடியில் உள்ளாடைகள் என்றும் ஒரு துண்டுக்கு அடியிலேயே, ஈரம் போகாமல் உலர்ந்தன. வருவோர் போவோர் கண்ணில் படக்கூடாதென்று பாட்டி அம்மாவுக்கும், அம்மா எங்களுக்கும் கற்றுத்தந்த பழக்கம் அது. சென்ற பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குச் சென்றபோது அம்மா அவற்றை நல்ல வெயிலில் தனியே உலர்த்தியிருந்தார். எதிர்வீட்டுப் பெரியம்மா எட்டிப்பார்த்து, "என்னடி இது?" என்றார். "வெயில் படணும்க்கா, டாக்டர் சொன்னாங்க. உங்களுக்கும் அங்க அரிப்பு கிரிப்பு இருந்தா சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார் அம்மா.

பெரியம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு கொல்லைப்புறப் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.