பறவைகள் பிரசவத்துக்கு வரும் ஊர்!

கூந்தன்குளத்துக்குக் காரில் போகிறவர்கள் குளத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். சைக்கிளில் போனால் வழியும் சேர்ந்து கிடைக்கும். திருநெல்வேலியிலிருந்து 38 கிலோமீட்டர். நன்றாக மிதிக்கிற இளவட்டங்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஐம்பதைத் தாண்டியவனாகவும், பார்க்கிற பெட்டிக்கடையில் எல்லாம் இறங்குகிறவனாகவும் இருந்தால் ஐந்து மணி நேரம் ஆகும். எனக்கு ஐந்தே காலானது.

மாசி மாதக் கடைசி ஞாயிறு. விடிவதற்கு முன்பே பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பிவிட்டேன். கியர் வைத்த சைக்கிள் இல்லை, சாதாரண சைக்கிள்தான். கேரியரில் தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, பழைய பைனாகுலர்.

மூலைக்கரைப்பட்டி சாலையில் ஏறி ஊர்ச் சத்தம் அடங்கியதும், இருட்டுக்குள்ளிருந்து முதல் குரல் ஆட்காட்டிக் குருவியுடையது. ஆள் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் ஓயும். வெளிச்சம் வர வர இரண்டு பக்கமும் உடை மரங்கள் தெரிந்தன. குடையை விரித்து வைத்ததுபோல மேலே தட்டையாக நிற்கும் மரம். நெல்லைச் சீமையின் தெற்குப் பகுதிக்கு முகவரி எழுதச் சொன்னால், பின்கோடு நம்பருக்குப் பதில் நான் இந்த மரத்தைத்தான் வரைவேன். இப்போது இடையிடையே சீமைக்கருவேலம் புகுந்து நெருக்குகிறது.

மின்கம்பியில் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருக்கும்போது அது மண் நிறத்தில் சாதாரணமாகத்தான் இருக்கும். கம்பியை விட்டுக் கிளம்பி சிறகை விரிக்கும்போதுதான் அந்த நீலம்! கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்தால் அதைப் பிடிக்க முடியாது. கடந்து போய்விடுவோம். சைக்கிளுக்கு இன்னொரு வசதியும் உண்டு, அதற்குச் சத்தம் கிடையாது. சாலையோரம் மேய்ந்துகொண்டிருந்த கவுதாரிகள், முன்சக்கரம் பத்தடி தூரத்துக்கு வரும்வரை என்னைப் பொருட்படுத்தவே இல்லை.

இந்தப் பறவைப் பெயர்கள் எல்லாம் எனக்குப் புத்தகத்தில் கிடைத்தவை அல்ல. அப்பா இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்தார். முன்பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்காரவைத்து மிதிப்பார். "அது என்னல சொல்லு?" என்று கேட்பார். சரியாகச் சொன்னால் அடுத்த கடையில் ஒரு கடலை மிட்டாய். செம்போத்து குறுக்கே போனால் நல்ல சகுனம் என்று ஊரே சொல்லும். அப்பாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் செம்போத்தைக் கண்டால் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொள்வார். கேட்டால், "மூச்சு வாங்குது" என்பார்.

பாதி வழியில் ஒரு பனங்காட்டு ஓரம் பதனி இறக்கிக்கொண்டிருந்தார்கள். பனையேறி அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுத்து, அதில் ஊற்றினார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது புளிக்காமல் பதனியாக இருக்கிறது. இல்லையென்றால் கள்ளாகிவிடும். காலையில் ஒரு ஏற்றம், சாயங்காலம் ஒரு ஏற்றம். "பையன் ஏறலியா அண்ணாச்சி?" என்றேன். "அவன் கோயம்புத்தூர்ல கம்பெனிக்குப் போறான். நான் ஏற மட்டும்தான் இது" என்றார், வருத்தம் இல்லாமல்.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது. மரத்துக்கு அப்படி ஒரு பாதுகாப்பு வந்ததில் சந்தோஷம். ஏற ஆள் இல்லாத பனையைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். காய்ந்த ஓலைகளுக்குள் பனை உழவாரன் குருவிகள் விருட் விருட்டென்று போய் வந்தன. எச்சிலையே பசையாக்கி, ஓலையில் சின்னக் கூட்டை ஒட்டிவைக்கிற குருவி அது. பக்கத்துப் பனையில் போன வருடத்துத் தூக்கணாங்குருவிக் கூடுகள் காற்றில் ஆடின.

கூந்தன்குளம் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பு மூக்குக்குத் தெரிந்துவிடும். மீன் வாடை. பிறகு காதுக்கு. நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

முதலில் குளம். 129 ஹெக்டேர். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். பிறகு ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழையும் மணிமுத்தாறு அணைத் தண்ணீரும்தான் இதற்கு உயிர். இரண்டும் கைவிட்ட வருடங்களில் பறவைகளும் வந்த வழியே போய்விடும். இந்த வருடம் தண்ணீர் இருந்தது. கரையை விட்டுத் தள்ளி, வரித்தலை வாத்துகள் கூட்டமாக நின்றன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியா, திபெத் பக்கம் பிறந்து, இமயமலையைத் தாண்டி வருகிறவை. 7,000 மீட்டருக்கும் மேலே இவை பறந்ததைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அத்தனை தூரம் வந்து, நம் ஊர் வயல் ஓரத்தில் எருமைக்குப் பக்கத்தில் நின்று புல் மேய்கின்றன. வெயில் ஏறினால் இவை கிளம்பிவிடும். மாசியைத் தாண்டினால் பார்ப்பது அரிது.

ஆனால் கூந்தன்குளத்தின் அதிசயம் குளத்தில் இல்லை. தெருவில் இருக்கிறது. பெரும்பாலான சரணாலயங்களில் பறவைகள் ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம். இங்கே வீட்டு முற்றத்து வேம்பிலும் தெருமுனைப் புளியிலும் கூடு. மஞ்சள் மூக்கு நாரை (ஊரில் செங்கால் நாரை என்கிறார்கள்), கூழைக்கடா இரண்டும் தைரியமாக வீடுகளுக்கு மேலேயே குஞ்சு பொரிக்கின்றன. ஊரில் வெடி வெடிப்பதில்லை, தீபாவளிக்கும் கிடையாது. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த கணக்கு. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி, வள்ளித்தாய் தம்பதியின் பெயரைப் பறவை ஆர்வலர்கள் எல்லோரும் அறிவார்கள்.

உச்சி வெயிலுக்கு ஒதுங்கிய இடம், ஓர் ஓட்டு வீட்டுத் திண்ணை. முற்றத்து வேம்பில் பத்துப் பதினைந்து கூடுகள். தாய் நாரை சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. இன்னொன்று குளத்திலிருந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் வாயில் விட்டது. ஓடு, சுவர், வாசற்படி எல்லாம் வெள்ளையடித்ததுபோல எச்சம்.

"நாத்தம் தாங்கலியோ?" என்றபடி ஒரு ஆச்சி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "எங்களுக்குப் பழகிட்டு. பெத்த பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. வீடு நாறத்தானே செய்யும்?"

பிள்ளை பெறுகிற வீட்டில் நாற்றத்துக்கு முகம் சுளிக்கலாமா என்று அதற்கு மேல் நான் மூக்கைத் தொடவில்லை.

மகன் திருப்பூரில் இருக்கிறாராம். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் காங்கிரீட் வீடு கட்ட வேண்டும் என்று நிற்கிறார். கட்டினால் வேம்பு போக வேண்டும்.

"தை மாசம் கொத்தனாரையும் கூட்டிட்டு வந்துட்டான். மரத்துல முட்டை கெடக்கு, ஆடி வரட்டும்னுட்டேன்."

"ஆடியில கேட்டா என்ன சொல்லுவீங்க ஆச்சி?"

"ஆடியில யாராச்சும் வீட்டு வேலை ஆரம்பிப்பாகளா?"

"ஆவணியில?"

"ஆவணியில அவன் கையில காசு இருக்காதுல்லா!" சிரித்தார். "அஞ்சு வருசமா இப்படித்தான் ஓட்டுதேன்."

பிறகு சிரிப்பு நின்றது. இந்த வருடம் பேங்க் லோன் பாஸாகிவிட்டதாம். பேத்திக்குக் கல்யாண வயது. ஒழுகுகிற ஓட்டு வீட்டைக் காட்டி மாப்பிள்ளை பார்க்க முடியாது என்று மருமகள் சொல்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. ஓடு நாலு இடத்தில் நகர்ந்திருந்ததை நானே பார்த்தேன். மழைக்காலத்தில் உள்ளே குடை பிடிக்கிறவர்களிடம் போய், மரத்தை விட்டுவிடுங்கள் என்று சைக்கிளில் வந்துவிட்டுப் போகிறவன் சொல்வது சுலபம். அப்பாவோடு வந்தபோது இந்தத் தெருவில் நான் பார்த்த மரங்களில் பாதிதான் இப்போது நிற்கின்றன. போனவற்றின் இடத்தில் இருப்பவை நல்ல வீடுகள்; பிள்ளைகள் படிக்கிற, விளக்கு எரிகிற வீடுகள்.

குளத்துக்கு வனத்துறை இருக்கிறது, பலகை இருக்கிறது, கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. இந்த வேம்புக்கு ஆச்சி மட்டும்தான்.

வேம்பைச் சுற்றி வந்து பார்த்தேன். வீட்டின் வடக்குப் பக்கம் காலி இடம் கொஞ்சம் கிடந்தது. மாடுகள் இருந்த காலத்துத் தொழுவம். வீட்டை அந்தப் பக்கம் ஆறடி தள்ளி எழுப்பினால் மரம் தப்பிக்குமே என்று கேட்டேன். ஆச்சி என்னையும் தொழுவத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதை எம் மவன்கிட்ட சொல்லுவியளா? நான் சொன்னா பொம்பளை பேச்சும்பான். வெளியாளு சொன்னா கேப்பான்."

மகனின் நம்பரை ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நீங்கள் போவதாக இருந்தால் தை முதல் பங்குனி வரை நல்ல நேரம். தொப்பி அவசியம், வெயிலுக்காக மட்டும் அல்ல. நான் சைக்கிளை எடுத்துத் திருப்புவதற்குள் தோளில் சொத்தென்று விழுந்தது.

"உம்ம பேரைக் குறிச்சுக்கிட்டா" என்றார் ஆச்சி, மேலே பார்த்து.

திருப்பூருக்கு அன்று இரவே போன் செய்தேன். வடக்குப் பக்கம் எத்தனை அடி இருக்கும் என்று கேட்டார். அளந்து பார்த்துச் சொல்ல, அடுத்த ஞாயிறு டேப்போடு மறுபடியும் போகிறேன்.