டிஸ்கோவுக்கு வெடிவைத்த ஊர்... கிடங்கில் பிறந்த புது இசை! - சிகாகோவில் ஒரு நடை

சிகாகோ என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருபவர் விவேகானந்தர். 1893 செப்டம்பர் 11 அன்று அவர் பேசிய கட்டடம்தான் இன்றைய 'ஆர்ட் இன்ஸ்டிடியூட்' அருங்காட்சியகம். சுற்றுலா போகும் நம்மவர்கள் வாசலில் இருக்கும் சிங்கச் சிலைகளோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு, வில்லிஸ் டவர் உச்சிக்கு ஏறி இறங்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

கொஞ்சம் நேரம் இருந்தால், அந்த அருங்காட்சியகத்துக்கு எதிரே ஆரம்பிக்கும் ஆடம்ஸ் தெருவில் மேற்கு நோக்கி நேராக நடங்கள். வில்லிஸ் டவர், ஆற்றுப் பாலம், யூனியன் ஸ்டேஷன் எல்லாம் தாண்டி, இருபது நிமிடத்தில் ஜெஃபர்சன் தெரு வந்துவிடும். அங்கே 206-ம் எண்ணில் மூன்று தளங்கள் கொண்ட ஒரு பழைய கட்டடம். இன்று உலகம் முழுக்க டிஜேக்கள் வாசிக்கும் 'ஹவுஸ்' இசைக்குப் பெயர் கொடுத்தது இந்த இடம்தான்.

மது இல்லாத நடனக் கூடம்

1977-ல் இங்கே 'தி வேர்ஹவுஸ்' என்ற நடனக் கூடம் தொடங்கியது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. இசைத்தட்டு வாசிக்க நியூயார்க்கிலிருந்து வந்தவர் ஃபிராங்கி நக்கிள்ஸ். வந்தவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். அவர்களில் பலர் தன்பாலின ஈர்ப்பாளர்கள். மற்ற கிளப்புகளில் வாசலிலேயே முகம் சுளிக்கப்பட்டவர்களுக்கு இங்கே கதவு திறந்திருந்தது. மது கிடையாது, பழச்சாறுதான். ஆட்டம் மட்டும் விடிய விடிய.

'வேர்ஹவுஸில் வாசிக்கிறார்களே, அந்தத் தட்டு இருக்கிறதா?' என்று ரெக்கார்டு கடைகளில் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, அந்தப் பெயரே சுருங்கி 'ஹவுஸ்' ஆனது என்கிறார்கள்.

98 சென்ட் டிக்கெட்

அதே ஊரில், சில கிலோமீட்டர் தெற்கே, 1979 ஜூலை 12 அன்று வேறொரு காட்சி. கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ தட்டைக் கொண்டுவந்தால் டிக்கெட் வெறும் 98 சென்ட். சேர்ந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே குவித்து வெடிவைத்தார்கள். கூட்டம் உள்ளே பாய, அடுத்த ஆட்டத்தையே நடத்த முடியவில்லை.

அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்தான் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பினச் சிறுவன். கூட்டம் கொண்டுவந்ததில் டிஸ்கோவே அல்லாத கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகளும் இருந்ததை அவன் கவனித்தான். சின்தசைசர் வாங்கத்தான் அந்த வேலையில் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். அதே வின்ஸும் ஜெஸ்ஸி சாண்டர்ஸும் சேர்ந்து எழுதி, 1984-ல் வெளிவந்த 'ஆன் அண்ட் ஆன்', தட்டில் பதிவான முதல் ஹவுஸ் பாடல்களில் ஒன்று. மைதானத்தை 1991-ல் இடித்துவிட்டார்கள். இப்போது அது கார் பார்க்கிங்.

தட்டில் இருக்கும் தந்திரம்

வடக்கே கிளார்க் தெருவில் 'கிராமஃபோன் ரெக்கார்ட்ஸ்' கடை இருக்கிறது. 1969-ல் தொடங்கியது. இன்றும் டிஜேக்கள் புதுத் தட்டு தேடிப் போகும் கடை. இங்கே முக்கியமானது 12 அங்குலத் தட்டு. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு பாட்டுதான். அதனால் பள்ளங்களை அகலமாக வெட்டலாம், பேஸ் ஒலி கனமாக வரும். பாட்டின் முதல் நிமிடம் பெரும்பாலும் தாளம் மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு புதுப் பாட்டின் வேகத்தை டிஜே பொருத்திக்கொள்ளத்தான் அந்த இடம். ஆடுகிறவர்களுக்கு, பாட்டு மாறியதே தெரியாது.

இதில் 'டீப் ஹவுஸ்' கொஞ்சம் நிதானமானது. ஜாஸ் வாசனை, தேவாலயப் பாடல்களின் உருக்கம். இதற்கு வழி போட்டவர் சிகாகோவின் லாரி ஹெர்ட். 1986-ல் 'மிஸ்டர் ஃபிங்கர்ஸ்' என்ற பெயரில் அவர் செய்த 'கேன் யூ ஃபீல் இட்' இன்றைக்கும் புதுசாக ஒலிக்கிறது. ஆனால், தன் ஆரம்பகாலப் பாடல்களின் உரிமைக்காக அவரும் பாடகர் ராபர்ட் ஓவன்ஸும் 2020-ல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 2022-ல் சமரசம் ஏற்பட்டு, உரிமை அவர்களிடம் திரும்பியது. பாட்டு பிறந்து முப்பது வருடங்களுக்கும் மேலான பிறகு!

ஒரு டாலர் வங்கி

தெற்கே ஸ்டோனி ஐலண்ட் அவென்யூவில் 1923-ல் கட்டிய ஒரு வங்கி, பாழடைந்து இடிபடக் காத்திருந்தது. ஓவியரும் சிற்பியுமான தியாஸ்டர் கேட்ஸ் அதை நகராட்சியிடம் 1 டாலருக்கு வாங்கிச் சீரமைத்து, 2015-ல் கலைக் கூடமாகத் திறந்தார். 2014-ல் மறைந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான தட்டுகள் இப்போது அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. ஒரு காலத்தில் வெடிவைத்த பொருளுக்கு இன்று வங்கிக் கட்டடத்தில் பாதுகாப்பு!

ஜூலை மாதம் போனால், பக்கத்து ஜாக்சன் பார்க்கில் 'சோசன் ஃபியூ' பிக்னிக்கையும் பார்க்கலாம். 1990-ல் சில டிஜேக்களின் குடும்பச் சந்திப்பாகத் தொடங்கியது. இன்று பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, பாட்டி, அப்பா, பேத்தி என மூன்று தலைமுறையும் ஒரே பாட்டுக்கு ஆடுவார்கள்.

பெயர்ப்பலகை போதுமா?

வேர்ஹவுஸ் தெருவுக்கு 2004-லேயே 'ஃபிராங்கி நக்கிள்ஸ் வே' என்று கௌரவப் பெயர் சூட்டிவிட்டார்கள். ஆனால் கட்டடத்துக்குப் பாதுகாப்பு இல்லை. கைமாறினால் இடித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இசை ரசிகர்களும் பாரம்பரிய ஆர்வலர்களும் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். 2023 ஜூனில் சிகாகோ நகர மன்றம் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளே இப்போது நடனம் இல்லை, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். ஆனால், சுவர்கள் இனி அப்படியே இருக்கும்.

டிக்கெட் போட முடியாதவர்கள் இன்றிரவு 'கேன் யூ ஃபீல் இட்' கேட்டுப் பாருங்கள். பிறகு சிகாகோக்காரர் ரான் ட்ரென்ட் 2022-ல் வெளியிட்ட 'வாட் டூ தி ஸ்டார்ஸ் சே டு யூ' ஆல்பம். ஒரே ஒரு வேண்டுகோள், ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் சரியாகக் கேட்காது.