ஃபயர்வால் சார், ஃபயர்வால்

தப்பு என்னுடையது என்று தெரிந்த பிறகும் பழியை நெட்வொர்க் டீம் தலையில் நிற்கவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது மழுப்பிவிடுவேன்.

எங்கள் கம்பெனியில் சர்வர்களைக் கண்காணிப்பது ஜாபிக்ஸ். லாத்வியாக்காரர் அலெக்ஸி விளாடிஷெவ் எழுதி 2001-இல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். ஒவ்வொரு சர்வரிலும் அதன் ஏஜென்ட் 10050-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். கண்காணிப்பு சர்வர் வந்து டிஸ்க் எவ்வளவு மிச்சம், மெமரி எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லும். யார் கேட்கலாம் என்பதற்கு ஏஜென்டின் கான்ஃபிக் ஃபைலில் 'சர்வர்' என்று ஒரு வரி உண்டு. அதில் இல்லாத ஐபியிலிருந்து யார் வந்தாலும் இணைப்பை அறுத்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை காலை டேட்டாபேஸ் சர்வர்கள் அத்தனையும் டேஷ்போர்டில் சிவப்பு. எல்லாவற்றிலும் ஒரே எரர்: 104, கனெக்‌ஷன் ரீசெட் பை பியர். மேனேஜர் பின்னால் வந்து நின்று "என்னாச்சு?" என்றார். நான் லாகைத் திறக்கக்கூட இல்லை. "ஃபயர்வால் சார். நெட்வொர்க்ல ஏதோ மாத்தியிருக்காங்க" என்றேன்.

எரர் எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். 111 என்றால் மெஷின்வரை போயாயிற்று, அந்தப் போர்ட்டில் ஆள் இல்லை. பெரும்பாலும் ஏஜென்ட் ஓடவில்லை. ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால் டைம்அவுட் ஆகும். 104 வந்தால், எதிர்முனை இணைப்பை ஏற்றுக்கொண்டு அப்புறம் அறுக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது அந்த 'சர்வர்' வரியை. புதிதாகச் சேரும் பையன்களுக்கு இதைப் பாடம் எடுப்பவனே நான்தான்.

நெட்வொர்க் டீமில் மூத்தவர் ஒருவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன். கண்காணிப்பு சர்வரிலிருந்து 10050-க்கு டெல்நெட் அடித்துக் காட்டினார். கனெக்ட் ஆகி, உடனே மூடிக்கொண்டது. "போர்ட் திறந்துதாம்பா இருக்கு. உன் ஏஜென்ட்தான் அறுக்குது." மேனேஜரிடம் சொன்ன வாயை எப்படி மாற்றுவது? "இல்லண்ணா, நடுவுல ஏதோ வெட்டுது, ரூல்ஸை ஒருதரம் பாருங்க" என்றேன். பாவம், மனிதர் ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு ரூலாகப் பார்த்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஏஜென்ட் லாகைத் திறந்தேன். பச்சையாகவே எழுதியிருந்தது: இந்த ஐபியிலிருந்து வந்த இணைப்பு நிராகரிக்கப்பட்டது, அனுமதி இந்த ஐபிக்கு மட்டும். நிராகரிக்கப்பட்ட ஐபி எனக்குப் பழக்கமானதுதான். கண்காணிப்பு சர்வருக்கு இரண்டாவது நெட்வொர்க் கார்டு சேர்த்து, டேட்டாபேஸ் சப்நெட்டில் ஒரு ஐபி கொடுத்தவன் நான். ஞாயிறு இரவு ரீபூட்டில் அது உயிர்பெற்றிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த சப்நெட்டுக்குப் போகும் கேள்வியெல்லாம் புது ஐபியிலிருந்துதான் போகும். ஏஜென்டுகளுக்கு அந்த ஐபி யாரோ எவரோ.

'சர்வர்' வரியில் ஒரு காற்புள்ளி போட்டுப் புது ஐபியைச் சேர்த்திருந்தால் போதும். ஆனால் அது யார் கொடுத்த ஐபி என்ற பேச்சு வரும். எந்த ஐபி பெயரும் வராத மாதிரி 0.0.0.0/0 என்று எழுதினேன். உலகத்தில் எந்த ஐபிவி4 முகவரியிலிருந்தும் கேட்கலாம் என்று அர்த்தம். ரிவ்யூவுக்கு அனுப்பாமல் ஒரு ஸ்கிரிப்டில் எல்லா சர்வருக்கும் தள்ளினேன். ஏஜென்ட் டிஸ்க் கணக்கு மட்டும் சொல்வதில்லை. தன்னால் படிக்க முடிந்த ஃபைலை யாராவது கேட்டால் உள்ளே இருப்பதையும் எடுத்துக் கொடுக்கும். டிஎல்எஸ் சாவியும் நாங்கள் போட்டிருக்கவில்லை. ஆபீஸ் நெட்வொர்க்கில் லேப்டாப்பைச் செருகிய எவனும் டேட்டாபேஸ் சர்வரைக் குடையலாம் என்பது தெரிந்தே செய்தேன்.

சிவப்பு பச்சையானது. "ரூல் ஒண்ணு சரிபண்ணிட்டாங்க சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். அந்த மாத ரிப்போர்ட்டில் சம்பவம் நெட்வொர்க் டீம் கணக்கில் ஏறியது. பிறகு செக்யூரிட்டி ஆடிட்டில் அந்த 0.0.0.0/0 மாட்டியபோது, பழைய டெம்ப்ளேட்டிலிருந்து வந்திருக்கும் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். அன்றே சரியான இரண்டு ஐபிகளையும் எழுதி மூடிவிட்டேன்.

ஒருநாள் கேன்டீனில் அண்ணன் கேட்டார்: "அன்னைக்கு என்னதான் தம்பி ஆச்சு? நான் ஒண்ணுமே மாத்தலையே."

"தெரியலண்ணா, தானா சரியாயிடுச்சு" என்றேன்.