ஆறு மாசமா ஒரே கட்டா

நம்ம ஊர்ப்பக்கம் தெரியும்தானே? பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம். இடுக்கியில் மூணாறு, தேவிகுளம். மாநிலம் கேரளா, வீட்டுக்குள்ளே தமிழ். தொண்ணூறுகளில் இங்கெல்லாம் ஸ்கூல் கிரவுண்டில் சாயங்காலம் கராத்தே கிளாஸ் நடக்கும். மாஸ்டருக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். இப்போது மஸ்கட்டில் என் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரும் அப்படித்தான். மூணாறு எஸ்டேட் லயத்தில் பிறந்து, பத்து வயசில் கற்க ஆரம்பித்தவர். பகலில் குடோன் வேலை, ராத்திரி கிளாஸ்.

போன மாசம் பெற்றோர்கள் நடுவில் ஒரே முணுமுணுப்பு. "ஆறு மாசமா ஒரே கட்டாவைப் போடச் சொல்றார், பெல்ட் மாறலை, இதுல ஃபீஸ் வேற ரெண்டு ரியால் ஏத்தணுமாம்." குத்து, தடுப்பு, உதை எல்லாம் வரிசையாகக் கோர்த்த பயிற்சிதான் கட்டா. பிள்ளையை நிறுத்தப் போவதாகச் சிலர் சொன்னார்கள். அவர்களிடம் நான் சொன்ன கதை இது.

கிச்சின் ஃபுனாகோஷி என்று ஒருவர். 1868-ல் ஒகினாவா தீவின் ஷூரியில் குறைமாசத்தில் பிறந்தவர். நோஞ்சான் பிள்ளை, ரொம்ப நாள் இருக்காது என்றே வீட்டில் நினைத்தார்களாம். ஸ்கூல் சிநேகிதனின் அப்பா அசாட்டோ பெரிய கராத்தே ஆசான். அவர் வீட்டு முற்றத்தில் ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி. ஒரே கட்டாவை மாசக்கணக்கில் போட வேண்டும். ஆசான் திருப்திப்படும் வரை அடுத்தது கிடையாது. உடம்பு தேறியது அப்படித்தான்.

டாக்டராக ஆசைப்பட்டு நுழைவுத் தேர்வும் தேறினார். ஆனால் குடுமி இருந்தால் சேர்க்க முடியாது என்றது அரசு. குடுமியை எடுக்கக் கூடாது என்றது குடும்பம். (நம்ம ஊர்க் கதை மாதிரியே இல்லை?) கடைசியில் 1888-ல் குடுமியை எடுத்துவிட்டு வாத்தியார் வேலைக்குப் போனார். வீட்டில் பெரிய ரகளை. முப்பது வருஷம் போல அந்த வேலைதான்.

1922-ல் டோக்கியோவில் கராத்தே செய்து காட்ட வந்தார். வயசு ஐம்பத்து மூன்று. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் இடத்துக்கே கூப்பிட்டுச் செய்து காட்டச் சொன்னார். சில நாளில் திரும்ப வேண்டியவர் அங்கேயே தங்கிவிட்டார். மனைவி ஒகினாவாவில், இவர் டோக்கியோவில். கல்ஃப்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் சின்ன அறை. அங்கேயே அறைகளைப் பெருக்குவார், தோட்ட வேலை செய்வார், வாட்ச்மேனாகவும் இருப்பார். மீதி நேரம் கராத்தே.

காசு முடைப்பட்டு ஒருநாள் பழைய துணிமணியை அடகு வைக்கப் போனார். பொருளின் மதிப்புக்கு மேலேயே பணம் கிடைத்தது. ஏனென்று பிறகுதான் தெரிந்தது. கடைச் சிப்பந்தியின் தம்பி இவரிடம் கராத்தே படிப்பவன்! பேங்கில் நகைக்கடன் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி மதிப்பீடு எங்கள் ரூல் புக்கில் கிடையாது :-)

சீடர்கள் கட்டிக்கொடுத்த பயிற்சிக்கூடம் 1945-ல் குண்டுவீச்சில் போனது. அதற்கப்புறமும் கற்றுக்கொடுத்தார். 1957-ல் 88 வயசில் காலமானார். இன்று உலகமெங்கும் நடக்கும் ஷோட்டோகான் கராத்தே இவர் வழி வந்ததுதான்.

சரி, நம்ம கணக்குக்கு வருவோம். பதினெட்டு பிள்ளைகள், தலைக்கு 10 ரியால், மொத்தம் 180. ஹால் வாடகை 100. மிச்சம் 80. மாசம் 24 மணி நேரம் கிளாஸ். மணிக்கு மூணே கால் ரியால் சொச்சம், அதுவும் பதினெட்டு பேருக்கும் சேர்த்து. நாமோ ஒரு பிள்ளையின் கணக்கு ட்யூஷனுக்கே மணிக்கு 5 ரியால் கொடுக்கிறோம். தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து நிற்கிற மனுஷனை பெல்ட் கலரை வைத்து அளக்கலாமா? அவசரப்பட்டு பெல்ட்டை மாற்றிக் கொடுத்தால் நமக்குச் சந்தோஷம். பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

கேட்டவர்கள் கேட்டார்கள். மூணு பேர் நிறுத்திவிட்டார்கள். மீதிப் பதினைந்து பேர் 12 ரியால் கொடுக்கிறோம். பெருக்கிப் பாருங்கள், அதே 180! மாஸ்டருக்கு ஒரு பைசா கூடவில்லை. அந்த மூணு பிள்ளைகளின் பேரையும் அவர் ரெஜிஸ்டரிலிருந்து அடிக்கவில்லை. அந்தப் பெற்றோர் கண்ணில் இது படட்டும்.