அடைபட்ட சலதாரை

சென்ற ஐப்பசியில், ஸ்ரீரங்கத்தில் எம் இல்லத்து ஸ்நான அறைச் சலதாரை அடைபட்டு, நீர் கணுக்காலளவு தேங்கிற்று. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே வாழ்ந்தும் நான்கு குடம் நீரைப் போக்க வழியறியாது விழித்தோம்! திருச்சிராப்பள்ளியில் வாங்கிய காஸ்டிக் சோடாவைக் கொட்ட முனைந்தோம். அது நீரிற் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். அடைப்புத் தீராவிடின், பின்னர்க் குழாயைத் திறக்கும் தொழிலாளியின் கையையும் பொசுக்கும்.

"அவன் கை வேறு, உங்கள் கை வேறோ?" என்றார் அன்னையார். நாணினோம்.

கையுறை அணிந்து, சல்லடைத் தட்டைப் பெயர்த்து, கொக்கியாய் வளைத்த கம்பியை விட்டு இழுத்தோம். சோப்புக் கசடு பற்றிய தலைமயிர் ஒரு முழம் வந்தது. பெரும்பாலும் எம் தமக்கையாருடையது, அவர் ஒப்பவில்லை.

குழாயின் வளைவில் எஞ்சிய நீரை அகற்றாது விட்டோம். சாக்கடை நாற்றத்தை மறிப்பது அந்நீரே. 1775-இல் அலெக்ஸாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கைவினைஞர் காப்புரிமை பெற்ற உபாயம் அது. வெதுவெதுப்பான நீரை ஊற்றினோம். அது சுழன்றிறங்கும் ஓசை கேட்டு அன்னையார் வாயிலில் வந்து நின்றார்.